கான்சலால் போக முடியாத ஊர்

1895 மே 30. ஜித்தா நகரின் மதிலுக்கு வெளியே மாலையில் நான்கு பேர் காற்று வாங்கப் போயிருந்தார்கள். பிரிட்டிஷ் கான்சல் ரிச்சர்ட்ஸ், ரஷ்யத் தூதரகத்துக்காரர் ஒருவர், பிரெஞ்சுத் தூதரகத்துக்காரர் ஒருவர், பிரிட்டிஷ் வைஸ் கான்சல் டாக்டர் அப்துர் ரஸ்ஸாக். பதூயின்கள் சிலர் அவர்கள் மீது சுட்டார்கள். மூன்று ஐரோப்பியர்களும் காயத்தோடு பிழைத்தார்கள். ரஸ்ஸாக் இறந்துபோனார். நால்வரில் முஸ்லிம் அவர் ஒருவர்தான்.

வங்காள மருத்துவப் பணியில் உதவி சர்ஜனாக இருந்தவர் ரஸ்ஸாக். 1878-ல் ஹஜ் பயணிகளோடு அவரை இந்திய அரசு ஜித்தாவுக்கு அனுப்பியது. 1882-ல் அங்கேயே வைஸ் கான்சல் ஆனார். அந்தப் பதினேழு ஆண்டுகளும் கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்த அவருடைய எஜமானர்களுக்கும், ஜித்தாவில் இருந்த துருக்கிய ஆளுநருக்கும், மக்காவின் உள்ளூர் ஆட்சியாளரான ஷரீஃபுக்கும் அவரைப் பற்றி ஒரே கேள்விதான்: இவர் யாருடைய ஆள்?

குடியேற்ற ஆட்சிக் காலத்துத் தூதரகம் எதை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கேள்வி இருக்கும். உள்ளூர் மொழி தெரிந்த துபாஷி இல்லாமல் கான்சல் ஒரு நாளும் ஓட்ட முடியாது. ஆனால் துபாஷி சொல்வது மெய்யா பொய்யா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இன்னொரு துபாஷி வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கும் அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் இருந்த உறவைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஜித்தாவின் நிலைமை ஒரு படி மேலே போயிற்று. மற்ற ஊர்களில் உள்ளூர் ஊழியர் கான்சலுக்கு வசதி. ஜித்தாவில் அவர் இல்லாமல் கான்சலுக்கு வேலையே கிடையாது. காரணம், ஜித்தாத் தூதரகம் எதைப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டதோ அது ஜித்தாவில் இல்லை. அது ஏறக்குறைய எழுபது, எண்பது கிலோமீட்டர் உள்ளே, முஸ்லிம் அல்லாதவர் கால் வைக்கக் கூடாத மக்காவில் இருந்தது.

1853-ல் ரிச்சர்ட் பர்ட்டன் மாறுவேடத்தில் மக்காவுக்குப் போய் வந்து புத்தகம் எழுதிப் புகழ் பெற்றார். அது ஒரு மனிதரின் சாகசம். வருஷா வருஷம் போய்ப் பார்த்து, கணக்கெடுத்து, எழுதி அனுப்பும் அலுவலக வேலையை வேஷம் கட்டிச் செய்ய முடியாது.

அந்த வேலையின் அவசரம் 1860-களில் கூடிக்கொண்டே போயிற்று. 1865-ல் ஹஜ்ஜில் காலரா பரவிப் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அங்கிருந்து நோய் எகிப்து வழியாக ஐரோப்பாவுக்கும் பரவியது. அடுத்த ஆண்டே இஸ்தான்புல்லில் சர்வதேசச் சுகாதார மாநாடு கூடியது. நோய்க்கு வேர் இந்தியா, வாகனம் ஹஜ் என்று ஐரோப்பிய அரசுகள் பிரிட்டனை நோக்கி விரல் நீட்டின. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. பம்பாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பதாவியாவிலிருந்தும் ஏழை எளியவர்கள்கூட ஹஜ்ஜுக்குக் கிளம்ப முடிந்தது.

நோயைவிடக் கான்சல்களை அதிகம் அரித்தது இன்னொரு பயம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியாவிலிருந்து தப்பிய ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சிலர் மக்காவில் குடியேறியிருந்தார்கள். ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அங்கே ஒரு மதரஸாவே நிறுவினார். ஹாஜி இம்தாதுல்லாஹ்வின் சீடர்கள் இந்தியா முழுக்க இருந்தார்கள். அதற்கும் முன்பே, 1852-ல், மலபாரிலிருந்து ஆங்கிலேயர் வெளியேற்றிய மாப்பிள்ளைகளின் தலைவர் சையித் ஃபள்லும் அரேபியாவுக்குத்தான் போய்ச் சேர்ந்தார். பிரிட்டிஷ் அதிகாரிகளின் கண்ணில் மக்கா ஒரு புனித நகரமாக மட்டும் தெரியவில்லை. கலகக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை கூடும் பொதுக்கூட்ட மைதானமாகவும் தெரிந்தது. 1878 முதல் 1881 வரை ஜித்தாவில் கான்சலாக இருந்த ஜேம்ஸ் ஸோராப் இதை மேலிடத்துக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். எல்லா நாட்டு முஸ்லிம்களும் காஃபிர்களின் காது எட்டாத இடத்தில் கூடிப் பேசுகிறார்கள், அங்கே நமக்கு ஓர் இரகசிய ஏஜென்ட் வேண்டும் என்பது அவருடைய யோசனை. அந்த ஏஜென்ட் முஸ்லிமாகத்தான் இருக்க முடியும் என்பதை அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கேதான் முடிச்சு. அதே ஆண்டுகளில் முஸ்லிமை நம்பலாமா என்பதே இந்தியாவில் அரசாங்கக் கேள்வியாக இருந்தது. 1871-ல் கல்கத்தாவின் பொறுப்புத் தலைமை நீதிபதி நார்மனும், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்தமானில் வைஸ்ராய் மேயோவும் கத்திக்குத்தில் இறந்தார்கள். இரண்டு கொலையாளிகளும் முஸ்லிம்கள். 1871-ல் வில்லியம் ஹன்டர் எழுதிய இந்திய முசல்மான்களைப் பற்றிய நூல், அரசிக்கு எதிராகக் கலகம் செய்வது அவர்களுடைய மனசாட்சியின் கடமையா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்திருந்தது. அந்தக் கேள்வி அச்சாகி ஏழே ஆண்டுகளில் ஒரு முஸ்லிம் டாக்டரை அழைத்து, உன் சமயத்தாரோடு சேர்ந்து போ, அவர்களோடு தொழு, அவர்கள் பேசுவதைக் கேள், எங்களுக்கு எழுது என்றார்கள். வேலைக்கான தகுதியும் சந்தேகத்துக்கான காரணமும் ஒன்றாகவே இருந்தன. முஸ்லிமாக இல்லாவிட்டால் மக்காவுக்குள் போக முடியாது. முஸ்லிமாக இருப்பதால் முழுதாக நம்ப முடியாது.

ரஸ்ஸாக்கின் அன்றாட வேலையைப் பார்த்தால் சதி, உளவு எல்லாம் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. ஹஜ் முடிந்து பயணிகள் மக்காவிலிருந்து ஜித்தாவுக்குத் திரும்பும் வாரங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒட்டகக் கூலி கொடுத்தாயிற்று, வழிகாட்டியான முத்தவ்விஃபுக்குக் கொடுத்தாயிற்று, தண்ணீருக்குக்கூடக் காசு கொடுத்தாயிற்று. ஊர் திரும்பக் கப்பல் சீட்டு வாங்கக் கையில் ஒன்றுமில்லை. கரையோரத்திலும் தெருவிலும் படுத்துக் கிடப்பார்கள். யாராவது இறந்தால் அவர் மூட்டையில் இருக்கும் நான்கு துணியும் பத்து ரூபாயும் வாரிசுக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு கடிதப் போக்குவரத்து. கைகாலில் சக்தி உள்ளவனைக் கப்பலேற்ற ஒரு போராட்டம். இதெல்லாம் அந்த இந்திய டாக்டரின் மேஜைக்குத்தான் வந்தது. அவர் அனுப்பிய ஹஜ் அறிக்கைகளில் கப்பல் நெரிசல், தனிமை முகாம், இறப்பு, வறுமை என்பவை இடம் பிடித்த அளவுக்குச் சதியாலோசனைகள் இடம் பிடிக்கவில்லை.

கல்கத்தாவுக்கு இது தர்மசங்கடம். 1858-ல் விக்டோரியா அரசியின் பிரகடனம், குடிமக்களின் மதத்தில் தலையிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தது. ஏழைகள் ஹஜ்ஜுக்குப் போகக் கூடாது என்று தடுத்தால் தலையீடு. தடுக்காமல் விட்டு, திரும்பி வரக் காசு கொடுத்தால் அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு பேர் கிளம்புவார்கள். எனவே இந்திய அரசு பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருந்தது. சதிகளைப் பற்றி எழுதச் சொல்லி அனுப்பப்பட்டவர் பசியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய விசுவாசம் யாரிடம் என்ற கேள்விக்கு அரசாங்கம் வைத்திருந்த விடைகள் இரண்டு: அரசி அல்லது கலீஃபாவான துருக்கிய சுல்தான். ஜித்தாக் கரையில் கிடந்த இந்தியப் பயணி மூன்றாவது விடையாக இருக்கலாம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டும். பெயரும் ஜித்தாதான். 1880 ஜூலையில் சிங்கப்பூர், பினாங்கு வழியாக 900-க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு கிளம்பிய அந்தக் கப்பல் ஏடனை நெருங்கும் கடலில் புயலில் சிக்கியது. ஐரோப்பியக் கேப்டனும் அதிகாரிகளும் பயணிகளை அப்படியே விட்டுவிட்டுப் படகில் இறங்கித் தப்பினார்கள். வேறு கப்பலில் ஏடனுக்கு வந்து, எங்கள் கப்பல் மூழ்கிவிட்டது என்று சொன்னார்கள். அடுத்த நாள் அந்தக் கப்பலை இன்னொரு கப்பல் இழுத்துக்கொண்டு ஏடன் துறைமுகத்துக்குள் வந்தது, கைவிடப்பட்ட பயணிகளோடு. ஜோசப் கான்ராட் பிற்பாடு ‘லார்ட் ஜிம்’ நாவலுக்கு இதைத்தான் கருவாக எடுத்தார். விசாரணை நடந்தது, கேப்டனின் உரிமம் சில ஆண்டுகளுக்குப் பறிபோனது. ஆனால் ஐரோப்பிய மாலுமிகளை ஹஜ் கப்பல்களில் நம்பலாமா என்று யாரும் கோப்பு திறக்கவில்லை. அவர்கள் செய்தது தனி மனிதர்களின் கோழைத்தனம். ஓர் இந்திய முஸ்லிம் ஊழியர் தவறினால் அது இனத்தின், சமயத்தின் இயல்பு.

ஜித்தாவில் நம்பிக்கைத் துரோகம் நடக்காமல் இல்லை. நடந்தது. ஆனால் பெரும்பாலும் மதத்தால் அல்ல, பணத்தால்.

ஹஜ் ஒரு பெரிய வியாபாரம். ஒட்டக வாடகை, கப்பல் சீட்டு, தங்குமிடம், தண்ணீர் என்று ஒவ்வொன்றிலும் தரகு உண்டு. 1882-ல் மக்காவின் ஷரீஃபாக வந்த அவ்ன் அர்-ரஃபீக் காலத்தில் ஊர் திரும்பும் கப்பல் சீட்டு ஒரு தரகர் வளையத்தின் கைக்குள் போயிற்று. எந்தக் கப்பலில் போவது என்பதைப் பயணி தீர்மானிக்கவில்லை, வளையம் தீர்மானித்தது. ஷரீஃபுக்குப் பங்கு, தரகர்களுக்குப் பங்கு. அந்த வளையத்தில் அடிபட்ட பெயர்களில் ஒன்று யூசுப் குத்சி. பிரிட்டிஷ் தூதரகத்தின் துபாஷியே அவர்தான். பயணிகள் புகார் சொல்ல வரும் வாசலில் உட்கார்ந்திருப்பவரே, எதைப் பற்றிப் புகாரோ அதில் கூட்டாளி என்பது குற்றச்சாட்டு. புகார் அரபியிலோ உருதுவிலோ வரும். கான்சலுக்குப் போகும்போது அது குத்சியின் வாய் வழியாகப் போகும். என்ன மிஞ்சியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1886-ல் இந்திய அரசு தாமஸ் குக் நிறுவனத்தை ஹஜ் பயண ஏஜென்டாக நியமித்ததற்கு இந்தத் தரகுக் கூத்தும் ஒரு காரணம். ஒழுங்கான ஐரோப்பியக் கம்பெனி, அச்சடித்த சீட்டு, நிர்ணயித்த விலை. ஜித்தாவின் வளையத்தை அதனாலும் உடைக்க முடியவில்லை. ஏழெட்டு ஆண்டுகளில் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டது. டச்சுக்காரர்கள் பக்கத்தில் இன்னும் வேடிக்கை. ஜாவாப் பயணிகளின் கப்பல் ஏஜென்டாக இருந்த ஹெர்க்லோட்ஸ் என்பவர் இஸ்லாத்தைத் தழுவி மக்காவுக்கே போய், 1893-ல் திரும்பும் பயணத்துக்கென்று பயணிகளிடம் முன்பணம் வாங்கி ஏமாற்றிய விவகாரம் பெரிய புகைச்சலைக் கிளப்பியது. அவர் டச்சுப் பிரஜை, டச்சுக் கம்பெனியின் ஆள்.

சந்தேகப்பட்டவர்கள் தப்பான பெட்டியில் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. கலீஃபாவின் மேல் பாசமா, ஜிஹாதில் நாட்டமா என்று ஊழியரின் நெஞ்சைத் துழாவினார்கள். பக்கத்தில் மேஜை இழுப்பறையில் தரகுப் பணம் சேர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் விட்டதற்கும் காரணம் உண்டு. தூதரகமே கட்டணங்களாலும் சலுகைகளாலும் ஆன கட்டடம். துபாஷிக்குச் சம்பளத்தைவிடப் பதவி தரும் பாதுகாப்புதான் பெரிய சொத்து: துருக்கிய வரியிலிருந்தும் கோர்ட்டிலிருந்தும் தப்பிக்க வழி. அந்தப் பாதுகாப்பை விற்றுப் பிழைப்பது துருக்கிய சாம்ராஜ்யம் முழுவதும் தூதரகங்களின் வாடிக்கை. மதவிசுவாசத்தைச் சந்தேகிப்பது எளிது. பணத்தைத் துருவினால் நூல் கான்சலின் நாற்காலி வரைக்கும் வரும்.

கான்சல்கள் நிலைத்து இருக்கவுமில்லை. வெயில், காய்ச்சல், தண்ணீர்ப் பஞ்சம், சலிப்பு. ஜித்தா யாரும் விரும்பிக் கேட்கும் ஊர் அல்ல. ரஸ்ஸாக்கின் காலத்தில் அந்த நாற்காலியில் நாலைந்து பேர் மாறிவிட்டார்கள். அவர்களில் மான்கிரிஃப் என்பவர் 1883-ல் செங்கடலைத் தாண்டிப் போய் சூடானில் மஹ்திப் படைகளோடு நடந்த சண்டையில் இறந்தார். ஜித்தா கான்சலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கக் கூடாது. ஊரை அறிந்தவர் கீழே, அறியாதவர் மேலே, ஆனால் மதிப்பிட்டு எழுதும் உரிமை மேலே இருப்பவருக்கு. புதிதாக வந்த கான்சலுக்கு, தன் ஊழியருக்குத் தெரிந்ததெல்லாம் தனக்குத் தெரியாது என்ற ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். அந்தக் கூச்சம்தான் அறிக்கைகளில் சந்தேகமாக எழுத்தாகிறது என்பது என் ஊகம். நமக்குக் கிடைக்கும் ஆவணங்கள் எல்லாமே சந்தேகப்பட்டவர் கையெழுத்தில் இருப்பவை என்பதையும் மறக்கக் கூடாது.

இதே சிக்கல் டச்சுக்காரர்களுக்கும் இருந்தது. அவர்களுடைய தூதரகம் 1872-ல் ஜித்தாவில் திறந்தது. மறு ஆண்டே சுமத்ராவில் அச்சே யுத்தம் மூண்டது. பல பத்தாண்டுகள் ஓயாத யுத்தம். மக்காவில் ஜாவிகள் என்று அழைக்கப்பட்ட தீவுக்கூட்டத்து முஸ்லிம்கள் பெரிய சமூகமாக இருந்தார்கள். படிக்க வந்தவர்கள், பாடம் சொல்பவர்கள், வியாபாரிகள். யுத்தத்துக்கு அங்கிருந்து பணமும் ஆசியும் போகின்றனவா என்று டச்சுக்காரர்களுக்கு உறக்கமில்லை. அவர்களுக்குக் கிடைத்த மனிதர் அபூபக்கர் ஜயாதினிங்ராத். மேற்கு ஜாவாவின் பாண்டன் பகுதிப் பிரபுக் குடும்பத்தவர். அந்தக் குடும்பத்தார் டச்சு ஆட்சியில் மாவட்டத் தலைமைப் பதவிகளில் இருந்தவர்கள். அபூபக்கர் மக்காவில் தங்கிப் படித்தவர், அரபியில் எழுதக் கூடியவர், ஜாவி ஆலிம்களில் யார் யாருக்கு ஆசிரியர், யார் வீட்டில் யார் தங்குகிறார் என்பதெல்லாம் அறிந்தவர்.

1884 ஆகஸ்டில் லைடனிலிருந்து ஓர் இளம் டச்சு அறிஞர் ஜித்தாவில் இறங்கினார். ஸ்னூக் ஹுர்கிரோன்யே. தூதரகத்திலேயே தங்கினார். சில மாதங்களில் இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்து, அப்துல் கஃப்பார் என்ற பெயரோடு 1885 பிப்ரவரியில் மக்காவுக்குள் போனார். வழித்துணை அபூபக்கர். ஆறே மாதத்தில் ஸ்னூக் வெளியேற்றப்பட்டார்: ஒரு பழங்காலக் கல்வெட்டை அடித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்ற பொருள்படப் பாரீஸ் பத்திரிகையில் செய்தி வந்தது, கிளப்பிவிட்டவர் ஜித்தாவின் பிரெஞ்சு வைஸ் கான்சல். ஐரோப்பியரைக் காட்டிக்கொடுத்தது ஐரோப்பியர்தான். உள்ளூர் ஊழியர் வாய் திறக்கவில்லை.

ஸ்னூக் போன பிறகும் அபூபக்கரின் பேனா ஓயவில்லை. மக்காவில் வாழ்ந்த ஜாவி ஆலிம்களைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளை அரபியில் எழுதி அனுப்பினார். 1888, 1889 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்த ஸ்னூக்கின் மக்கா நூல் இன்றும் அந்த நகரத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வாழ்க்கைக்கு முதன்மையான சான்று. இரண்டாம் பாகத்தில் ஜாவிகளைப் பற்றி வரும் பகுதி அபூபக்கரின் குறிப்புகள் இல்லாமல் எழுதப்பட்டிருக்காது. நூலில் அதற்குரிய நன்றி அவருக்கு இல்லை. லைடனில் இருக்கும் ஸ்னூக்கின் காகிதங்களை 1980-களில் ஃபான் கோனிங்ஸ்ஃபெல்ட் போன்றவர்கள் துருவிய பிறகுதான் இந்தக் கடன் எவ்வளவு பெரியது என்பது வெளியே வந்தது.

திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அபூபக்கரின் பெயர் அச்சில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் தொடர்ந்து மக்காவும் ஜித்தாவும் அடங்கிய ஹிஜாஸில் வாழ வேண்டியவர். எந்த ஆலிம்களைப் பற்றி எழுதினாரோ அவர்களுக்கு மத்தியில் ஸலாம் சொல்லி நடமாட வேண்டியவர். பெயரை மறைத்தது அவரைக் காப்பாற்றவும் செய்தது. புகழைப் பறிக்கவும் செய்தது. இரண்டும் ஒரே செயல். உள்ளூர் ஊழியரின் நிலைமையே அப்படித்தான்: எஜமானர் அவரை மெச்சுவதுகூட ஆபத்து.

1888 ஜூலையில் அவருடைய சொந்தப் பிரதேசத்திலேயே வெடித்தது. பாண்டனில் சிலேகோன் என்ற ஊரில் ஹாஜிகள் தலைமையில் எழுந்த கூட்டம் டச்சு அதிகாரிகளையும் அவர்களோடு வேலை பார்த்த உள்நாட்டு அதிகாரிகளையும் கொன்றது. கிளர்ச்சிக்காரர்களில் பலர் மக்காவில் இருந்த பாண்டன் ஷேக் அப்துல் கரீமின் சூஃபி தரீக்காவோடு தொடர்புள்ளவர்கள். உடனே பதாவியாவில் இருந்த டச்சு அரசின் பார்வை மக்கா பக்கம் திரும்பியது. அங்கே இருக்கும் பாண்டன்காரர்கள் யார், என்ன பேசுகிறார்கள்? இந்தக் கேள்வி ஜித்தாத் தூதரகத்தில் பாண்டன்காரர் ஒருவரின் மேஜைக்கு வந்தது.

சந்தேகப்படுகிறவர் இதை ஒரு மாதிரி படிப்பார்: தன் ஊர்க்காரனை இவன் காட்டிக்கொடுப்பானா? ஆனால் சிலேகோனில் செத்த உள்நாட்டு அதிகாரிகள் அபூபக்கரின் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். ஷேக்குகளோ அவருடைய கல்வி உலகத்தைச் சேர்ந்தவர்கள். ஊர், குலம், குரு, சம்பளம் என்ற நான்கும் அவரை நான்கு திசையில் இழுத்தன. விசுவாசி, துரோகி என்ற இரண்டு கட்டங்கள் உள்ள படிவத்தில் இப்படி ஒருவரை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? அவர் பாட்டுக்குத் தூதரகத்தில் மேலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தார், கான்சல்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

துருக்கியர்களின் பார்வையையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இந்த ஊழியர்கள்மேல் இருந்த சந்தேகம் ஆங்கிலேயருடையதன் மறுபக்கம்: முஸ்லிம் வேஷத்தில் காஃபிர்களின் கண். அதில் நியாயமும் இருந்தது. எகிப்தை 1882-ல் பிரிட்டன் பிடித்திருந்தது. வெளிநாட்டுப் பிரஜைகளான முஸ்லிம்கள் ஹிஜாஸில் நிலம் வாங்கிக்கொண்டே போனால் நாளைக்கு அவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்நியப் படை வரும் என்று இஸ்தான்புல் அஞ்சியது. 1880-களின் தொடக்கத்தில் இந்தியர், ஜாவிகள், அல்ஜீரியர் போன்றோர் அங்கே நிலம் வாங்கத் தடை போட்டது. மக்காவில் பிரிட்டிஷ் பிரதிநிதி ஒருவரை உட்கார வைக்கவும் ஒப்பவில்லை. ரஸ்ஸாக் மக்காவுக்குப் போகலாம், ஆனால் ஹாஜியாக. வைஸ் கான்சலாக அல்ல. ஹஜ் உடையான இஹ்ராம் கட்டிய நிமிஷத்தில் அவருடைய பதவி ஜித்தா வாசலில் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்தச் சிக்கலுக்கு இஸ்தான்புல்லில் பிரிட்டன் ஒரு தீர்வு கண்டிருந்தது. அங்கே பிசானி போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தூதரகங்களுக்குத் துபாஷிகளாக இருந்தன. ஒரே குடும்பத்து ஆட்கள் வேறு வேறு தூதரகங்களில் வேலை பார்த்தார்கள். இரகசியம் சாப்பாட்டு மேஜையில் கசியும் என்று பயந்த வெனிஸ் 1551-லேயே தன் இளைஞர்களை அங்கே அனுப்பித் துருக்கி மொழி படிக்க வைத்தது. பிரான்ஸ் 1669-ல் அதைப் பின்பற்றியது. பிரிட்டன் நிதானமாக 1877-ல் விழித்துக்கொண்டு, ஓர்த்தாகோயில் தன் நாட்டு இளைஞர்களுக்கு மொழிப் பயிற்சி தொடங்கியது. உள்ளூர்த் துபாஷியை மெல்ல மெல்ல அகற்றும் ஏற்பாடு. ஜித்தாவுக்கு அந்த மருந்து பலிக்காது. ஓர்த்தாகோயில் எவ்வளவு நன்றாகத் துருக்கியும் அரபியும் படித்தாலும் யார்க்‌ஷயர் பையன் மக்கா எல்லையில் நிற்க வேண்டியவன்தான்.

1890-களில் காலரா மீண்டும் மீண்டும் வந்தது. 1893 ஹஜ்ஜில் இறப்பு மிகக் கடுமை. துருக்கிய அரசு ஹிஜாஸில் கிருமிநீக்க இயந்திரங்களை நிறுவியது. நீராவியில் துணிகளை வேகவைக்கும் பெரிய கொப்பரைகள். அவைதான் நோயைக் கொண்டுவருகின்றன, டாக்டர்கள் ஆளைக் கொல்கிறார்கள் என்று பரவிய பேச்சில் கோபம் மூண்டது. 1895-ல் அந்த இயந்திரங்களை மக்கள் அடித்து நொறுக்கினார்கள். அந்தக் கோடையில்தான் மதிலுக்கு வெளியே ரஸ்ஸாக் சுடப்பட்டார். அவரை டாக்டர் என்று சுட்டார்களா, பிரிட்டிஷ்காரன் என்று சுட்டார்களா, நால்வரையும் ஒன்றாகப் பார்த்துச் சுட்டார்களா என்று பிரிக்க முடியாது. துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு அந்தப் பிரிப்பு தேவைப்படவுமில்லை.

அவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு அரசாங்கம் நியமித்தது இன்னோர் இந்திய முஸ்லிம் டாக்டரை, முஹம்மத் ஹுசைனை. வேறு எவரை நியமிக்க முடியும்?

1914-ல் யுத்தம் வந்ததும் பிரிட்டிஷ் தூதரகம் ஜித்தாவை விட்டுப் போயிற்று. 1916-ல் ஷரீஃப் ஹுசைன் துருக்கியருக்கு எதிராகக் கிளம்பியபோது திரும்பி வந்தது. அதே ஆண்டின் இறுதியில், பட்டுத்துணிக் கடிதங்கள் என்று பெயர் பெற்ற சதி விவகாரத்தில் தேடப்பட்ட தேவ்பந்த் ஆலிம் மஹ்மூத் ஹசனை ஷரீஃபின் ஆட்கள் ஹிஜாஸில் பிடித்துக் கொடுத்தார்கள்; அவர் மால்டாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஸோராபின் பழைய பயத்துக்கு இப்படி ஒரு முகம் கிடைக்க முப்பத்தைந்து ஆண்டு ஆயிற்று. அந்தக் காலத்து ஜித்தாவில் பிரிட்டிஷாருக்குத் துபாஷியாகவும் உளவாளியாகவும் ஓடியாடியவர் ஹுசைன் ரூஹி, கெய்ரோவிலிருந்து வந்த பாரசீக வம்சத்தவர். ஊருக்கு அவர் முஸ்லிம். உண்மையில் பஹாய் மார்க்கத்தைச் சேர்ந்தவர். அது வெளியே தெரிந்தால் ஹிஜாஸில் அவர் தலை தப்பாது. கெய்ரோவில் அவரைத் தேர்ந்தெடுத்த பிரிட்டிஷ் அதிகாரி ரொனால்ட் ஸ்டார்ஸுக்கு இது தெரிந்தே இருந்திருக்கும். மக்கா வாசலைத் தாண்டும் பெயரும், கலீஃபாவுக்குக் கடன்படாத மனமும் ஒரே ஆளிடம். மேலே, அவருடைய உயிர் எஜமானர்கள் காக்கும் இரகசியத்தில் இருந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக ரஸ்ஸாக்குகளிடம் தேடியும் கிடைக்காத பிணை அதுதான் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.